நாகைச் சூடாமணி விகாரமும் அதனைப் புரந்தோரும்

நாகப்பட்டினம் என்றால் நம்மிற் பலர்க்கு இன்று நாகூர் ஆண்டவர் தர்காவும் வேளாங்கண்ணி மாதா கோயிலுமே நினைவுக்கு வரும். அவ்விரண்டிற்கும் செல்லும் யாத்திரிகர் வண்டி மாறும் ஊர் என்ற அளவில் அதனை அறிந்தோரே மிகுதி. ஆயின் அவ்விரு தலங்களும் புகழ் பெறுதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே அவ்வூரில் வேறொரு தலம் இருந்தது. சீனரும், சாவக நாட்டினரும், ஈழத்தாரும், பர்மியரும் கப்பலேறி வந்து வணங்கிச் சென்ற அப்புத்தர் கோயிலின் அடித்தளக் கல் ஒன்றேனும் இப்பொழுது அவ்வூரில் நாம் காணுமாறு நிற்கவில்லை. அதன் வரலாற்றை அறிய விரும்புவோர் நாகையை விட்டு நெடுந்தூரம் செல்லவேண்டும். அதன் சாசனங்கள் ஒல்லாந்தின் லெய்டன் நகரத்தின் பெயரால் வழங்குகின்றன; அதன் படிமங்கள் சென்னை அருங்காட்சியகத்திலும் பிற நாடுகளிலும் உள்ளன; அதனைத் தரிசித்தோர் குறிப்பு பர்மாவின் கல்வெட்டொன்றில் இருக்கின்றது. இவ்வாறு சிதறிக் கிடப்பவற்றைத் தொகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாகையிற் பௌத்தம் வேரூன்றிய காலம் மிகப் பழைமையானது. பாலி மொழியில் பேருரைகள் பல இயற்றிய தம்மபாலர் என்னும் ஆசிரியர், நெத்திப்பகரணத்துக்குத் தாம் வரைந்த உரையின் இறுதியில், நாகத்தின் பெயர் பூண்ட பட்டினத்திலே தருமாசோக மகாராசனது விகாரத்தில் வாழ்ந்து அதனை எழுதியதாகக் கூறுகின்றார். அவ்விகாரத்தை அசோகனே எடுப்பித்தானா, அன்றிப் பிற்காலத்தார் அவன் பெயரை அதற்கு இட்டனரா என்பது வேறு வினா. உரை எழுதும் புலமை வாய்ந்த துறவியர் தங்குதற்கேற்ற பள்ளியொன்று அங்கே இருந்தமை தெளிவு. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் இத்-சிங் என்னும் சீனத்துறவி எழுதிய நூலில், ஊ-சிங் என்பவர் கடாரத்தினின்று முப்பது நாள் கடலிற் சென்று நாகப்பட்டினத்தை அடைந்தார் என்றும், அங்கிருந்து இரண்டு நாளில் ஈழத்தை எய்தினார் என்றும் குறிப்பு உள்ளது. இக்கடல்வழியை மாணவர் மனத்தில் இருத்துவராக. பின் வருவன எல்லாம் இவ்வழியே வந்தவை. வைணவ குருபரம்பரை நூல்களிலும், திருமங்கையாழ்வார் நாகைப் பௌத்த விகாரத்திலிருந்த பொன்மயமான புத்தர் திருவுருவைக் கவர்ந்து சென்று அப்பொன்னைக் கொண்டு திருவரங்கத்தில் திருப்பணி செய்தார் என்றொரு கதை வழங்குகிறது. அதனை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. எனினும், நாகைப் பள்ளி செல்வம் மிக்கது என்ற பேச்சு நாட்டில் பரவியிருந்தது என்பதற்கு அக்கதையே சான்று.

இனி, சூடாமணி விகாரத்துக்கு வருவோம். பத்தாம் நூற்றாண்டின் இறுதியிற் சுமாத்திராத் தீவையும் மலாய் நாட்டின் கடாரத்தையும் ஒருங்கே ஆண்டவர் சைலேந்திர குலத்து மன்னர். அவர்களுட் சூளாமணிவர்மன் என்பானது பெயரால், நாகப்பட்டினத்தில் அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் ஒரு பெரும் விகாரத்தை எடுப்பித்தான். மேருமலையும் நாணும்படி உயர்ந்தது அவ்விகாரம் என்று சாசனத்தின் வடமொழிப் பகுதி புகழ்கின்றது. சாசனப் புலவர் மலையை இழுத்துவந்து நாணச் செய்வது வழக்கமே. ஆயினும், கடலிலிருந்து நோக்குவார்க்கு அது தொலைவிலேயே புலப்பட்டிருக்கும் என்று எண்ணுவதில் தவறில்லை.

அவ்விகாரத்துக்கு முதலாம் இராசராசன் தன் 21 ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1006 இல், ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். பள்ளிச்சந்தமாவது சமண பௌத்தப் பள்ளிகட்கு விடப்பட்ட இறையிலி நிலம். அறச்சாலைகள் பல மிகுந்த அக்காலத்தில் பிரமதேயம், தேவதானம், பள்ளிச்சந்தம் என்று அறத்துக்கு ஏற்ப நிலத்துக்கும் தனித்தனிப் பெயர் வழங்கிற்று. இக்கொடையைக் குறிக்கும் செப்பேடுகள் 21. அவற்றுள் 5 வடமொழி, 16 தமிழ். வடமொழிப் பகுதி மன்னர் குலப்பெருமையைச் செய்யுளாற் பாடுவது. கோட்டையூர் அனந்தநாராயணன் என்னும் அந்தணன் இயற்றியது. கடல் கடந்த பௌத்த மன்னன் எடுத்த விகாரத்துக்குச் சிவபாதசேகரன் என்று விருதுப்பெயர் பூண்ட சோழன் ஊர் அளிக்க, அதனை ஓர் அந்தணன் புகழ்ந்து பாடியிருத்தல் நோக்கற்பாலது.

எமக்கு வடமொழிப் பகுதியினும் தமிழ்ப்பகுதியே சுவை மிக்கதாகத் தோன்றுகிறது. அதிற் புகழ்ச்சி சிறிது, கணக்கே பெரிது. அரசன் தஞ்சாவூர் மாளிகை மண்டபத்தில் வீற்றிருந்து வாய்மொழியாக ஆணை பிறப்பிக்கின்றான். திருமந்திர ஓலை எழுதுவோன் அதனை எழுதுகின்றான், ஓலைநாயகங்கள் ஒப்புநோக்குகின்றனர், வரிப்பொத்தகத்திற் பதிவாகின்றது. பின்னர் நாட்டார்க்குத் திருமுகம் செல்கின்றது. அவர்கள் அதனை எதிர்கொண்டு தலைமேல் வைத்து, ஒரு பெண்யானையை முன்விட்டு ஊரெல்லையைச் சுற்றி வருகின்றனர். பிடி சூழ்தல் என்பது இதுவே. யானை சென்ற வழியெல்லாம் கல்லும் கள்ளியும் நாட்டி எல்லை வகுக்கப்படும். எந்த வாய்க்காலுக்கு மேற்கு, எவன் நிலத்துக்கு வடக்கு என்று செப்பேடு சலிப்பின்றிக் கூறிச் செல்கின்றது. அயலூரார் ஒவ்வொருவரும் ஒப்பமிடுகின்றனர். நிலத்தின் அளவு 97 வேலிக்குச் சிறிது மிகும். இன்றைய வேலிக் கணக்கில் ஏறத்தாழ 640 ஏக்கர். விகாரத்துக்கு அதனின்று வரும் காணிக்கடன் 8,943 கலம் நெல். அதற்குமேல் இரு தூணி, ஒரு குறுணி, ஒரு நாழி. எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட கலத்தை அளக்கும்போது அந்த ஒரு நாழியையும் விடாது எழுதிய கணக்கரை நினைந்து வியவாதிருத்தல் இயலாது.

கொடை அளித்தவன் இராசராசன். அதனைச் செப்பேட்டிற் பொறித்து நிலைநிறுத்தியவன் அவன் மகன் முதலாம் இராசேந்திரன். தந்தையின் வாக்கு என்றும் அழியாதிருக்கும்படி மைந்தன் சாசனம் செய்வித்தான் என்று ஏடே கூறுகிறது. கடல் கடந்த மன்னனும் தந்தையின் பெயரால் விகாரம் எடுத்தான். சோழனும் தந்தையின் சொல்லைக் காத்தான்.

சைலேந்திரர் தம் நாட்டில் இடம் இல்லாமையாலா நாகையிற் கோயில் எடுத்தனர்? அன்று. இஃது அவர்தம் குல வழக்கம். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் அக்குலத்துப் பாலபுத்திரதேவன் நாளந்தாவில் ஒரு விகாரம் எடுத்து, அதற்கு ஐந்து ஊர்களை வேண்டிப் பாலப்பேரரசன் தேவபாலனிடம் பெற்றான். நாளந்தாச் செப்பேடு அதனைக் கூறும். சூளாமணிவர்மனே கி.பி. 1003 இல் சீனப் பேரரசனுக்குத் தூது விடுத்து, அப்பேரரசன் நீடு வாழ்கவென வேண்டுதற்குத் தன் நாட்டிற் புத்தர் கோயில் எடுத்திருப்பதாகவும், அதற்குப் பெயரும் மணியும் வேண்டுமென்றும் கேட்டுப் பெற்றான் என்பது சீன நாட்டு வரலாறு. சீனத்துக்கும் தமிழகத்துக்கும் இடையே கப்பல் ஓட்டுவோர் அவனது கடலைக் கடந்தே செல்லல் வேண்டும். இரு முனையிலும் நண்பர் வேண்டும். நண்பரைப் பெறுதற்குக் கோயிலினும் சிறந்த வழியில்லை. சாவக நாட்டு வணிகரும் மாலுமிகளும் நாகையில் இறங்கித் தங்கித் தம் தெய்வத்தை வழிபட இடம் ஆயிற்று. சோழனுக்கோ துறைமுகத்திற் சுங்கம் பெருகிற்று. இவ்வாறு கூறுதலால் அவர்தம் பத்தியைக் குறைத்து மதிப்பதாகக் கொள்ளவேண்டா. பத்தியும் பயனும் ஒன்றையொன்று தள்ளுவன என்று அக்காலத்தார் கருதினாரல்லர்.

இதற்கு மற்றொரு சான்று நாகைக் காயாரோகணசுவாமி கோயிலிலேயே உள்ளது. இராசேந்திரன் ஆட்சியின் தொடக்கத்தில், ஸ்ரீவிசயத்து அரசனின் கன்மி, அஃதாவது அவன் காரியம் பார்ப்பவன், அச்சிவன் கோயில் இறைவர்க்கு அணிகலமும் விளக்கும் அளித்ததைக் கல்வெட்டுக்கள் தெரிவிக்கின்றன. அளித்த பொன்னுள் சீனத்துப் பொன்னும் குறிக்கப்படுகிறது. பௌத்த மன்னன் சிவனுக்குப் பொன் அளிக்க, சைவ மன்னன் புத்தர்க்கு நெல் அளித்தான். விகாரம் மறைந்த ஊரில், அதனை எடுத்த நாட்டாரின் பெயரைச் சிவன் கோயிற் சுவர் காத்து வருகின்றது.

இந்நட்பு நெடுநாள் நிலைக்கவில்லை. ஏறத்தாழ கி.பி. 1025 இல் இராசேந்திரன் அலைகடல் நடுவுட் பல கலம் செலுத்திக் கடாரத்தரசன் சங்கிராமவிசயோத்துங்கவர்மனை வென்றான். போரின் காரணத்தைப் பற்றி அறிஞர் பலவாறு கூறுவர். சீன வாணிகத்தில் எழுந்த பகையே காரணம் என்பாரும் உளர். நமக்கு வேண்டுவது வேறு. விகாரம் எடுத்தவன் குலத்தையே சோழன் போரில் வென்ற பின்னரும் விகாரத்தின் நிலம் பறிபோகவில்லை. கி.பி. 1090 இல், முதலாம் குலோத்துங்கனது 20 ஆம் ஆண்டில், கிடாரத்தரையன் தூதராகிய இராசவித்தியாதர சாமந்தனும் அபிமானோத்துங்க சாமந்தனும் வந்து, பள்ளிக்குரிய ஊர்களின் வரிகள் நீக்கப்பட்டமைக்குப் புதிய சாசனம் வேண்டினர். குலோத்துங்கன் அவ்வாறே அளித்தான். மூன்று ஏடுகள் கொண்ட இச்சாசனத்தைச் சிறிய லெய்டன் செப்பேடு என்பர். அதில் இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திரசோழப் பெரும்பள்ளி என இரு பள்ளிகள் பேசப்படுகின்றன. கடாரத்தை வென்றவன் பெயராலும் கடாரத்தார் வழிபடும் பள்ளியொன்று நாகையில் இருந்தது!

ஈண்டு ஒன்று கூறி மேற்செல்வோம். கல்கியின் பொன்னியின் செல்வனைப் படித்தோர், இளவரசர் அருள்மொழிவர்மர் சூடாமணி விகாரத்தில் மறைந்திருந்து நோய் நீங்கியதை மறந்திரார். அக்கதை நிகழ்வதோ சுந்தரசோழன் காலம். மாறவிசயோத்துங்கன் விகாரத்தைப் பற்றிய சாசனமோ அவ்விளவரசர் அரசராகி 21 ஆண்டு கழிந்தபின் எழுந்தது. கதையாசிரியர்க்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் கதையை வரலாறாகத் தேர்வுத்தாளில் எழுதும் மாணவர்க்கு அவ்வுரிமை இல்லை.

அரசர்களே இத்தலத்தைப் புரந்தனர் என்று எண்ணுதல் கூடாது. நாகையிற் கிடைத்த புத்தர் படிமமொன்று இப்பொழுது அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் உள்ளது. அதன் பீடத்தில் தமிழெழுத்துப் பொறிப்பு ஒன்று காணப்படுகிறது. இராசேந்திரசோழப் பெரும்பள்ளியைச் சார்ந்த அக்கசாலையரது பள்ளிக்குரிய படிமம் அது. கோயில் திருவிழாவில் எழுந்தருள்வதற்காகச் சிறுதவூர்க்காரர் ஒருவர் செய்தளித்தது. அக்கசாலையர் என்போர் பொன்வேலை செய்யும் கம்மியர். பதினெண் நாட்டு அக்கசாலையர்க்கும் நாயகர் என்று புத்தர் அதிற் போற்றப்படுகின்றார். அவர்க்கு அங்கே வழங்கும் பெயர் ஆழ்வார் என்பதாம். நாயகர், ஆழ்வார், திருவிழா, எழுந்தருளல் என்னும் இச்சொற்களை மட்டும் ஒருவர் படித்தால், இது புத்தர் கோயில் என்று ஐயுறவும் இடமில்லை. தமிழ்நாட்டிற் பௌத்தம் எவ்வளவு தமிழ்ப்பட்டிருந்தது என்பதை ஆயிரம் பக்க ஆராய்ச்சியினும் இப்பீடத்தின் சில வரிகள் நன்கு உணர்த்தும்.

சோழர் ஆட்சி மங்கிய காலத்தில் சீனர் நாகையில் தமக்கென ஒரு கோபுரம் எடுத்தனர். பதினான்காம் நூற்றாண்டில் இக்கடல்களிற் பயணஞ்செய்த வாங் தா-யுவான் என்னும் சீன வணிகர், அங்கே செங்கல்லும் மண்ணும் கொண்டெழுந்த கோபுரமொன்று நிற்பதாகவும், கி.பி. 1267 இல் அதன் வேலை முடிவுற்றதென்று அதிற் சீன எழுத்துப் பொறித்திருந்ததாகவும் எழுதியுள்ளார். அதன் பின்னர் இருநூறு ஆண்டு கழித்து நமக்குக் கிடைக்கும் செய்தி பெகு நாட்டிலிருந்து வருகிறது. அந்நாட்டரசன் தம்மசேதி, துறவியர் சிலரைத் தூய துறவுநெறி பெற்று மீள்வதற்காக ஈழத்துக்கு அனுப்பினான். திரும்பும்போது அவருட் சிலரது மரக்கலம் உடைந்தது. கரை சேர்ந்தவர் கால்நடையாக நாகப்பட்டினம் வந்து, பதரிகாராமம் இருந்த இடத்தைக் கண்டு, சீன நாட்டு மகாராசன் செய்வித்த குகையிற் புத்தர் படிமத்தை வணங்கினர். தந்தகுமாரனும் ஏமமாலையும் புத்தரின் பல்லை ஈழத்துக்குக் கொண்டு செல்லும் வழியில் அதனை வைத்திருந்த கடற்கரை அதுவே என்று அவர் நம்பினர். இவையெல்லாம் அவ்வரசன் நிறுவிய கலியாணிக் கல்வெட்டில் உள்ளன. அக்காலம் கி.பி. 1476ஐ ஒட்டியது. ஆராமத்தை என்னாது, ஆராமம் இருந்த இடத்தை என்று அக்கல்வெட்டுக் கூறுதலை உற்று நோக்குக. புரப்போர் ஒழிந்தனர், ஆயினும் கப்பலுடைந்து உயிர்தப்பிய துறவியர்க்கு வழியில் நின்று வணங்கத்தக்க தலமாக அஃது இன்னும் இருந்தது.

பின்னர்ப் போர்த்துக்கீசியர் வந்தனர். 1658 இல் ஒல்லாந்தர் அவரை வென்று நாகையைக் கைக்கொண்டனர். அவர் காலத்திலேயே செப்பேடுகள் கடல் கடந்தன. காம்பர் என்னும் ஒல்லாந்துக் கிறித்தவ போதகரது குடும்பத்தாரிடம் அவை இருந்து, பல கை மாறி, 1862 இல் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. ஊரில் எஞ்சியது ஒரு கோபுரம் மட்டுமே. கோட்டைக்கு வடக்கே, நாகூர் செல்லும் பக்கத்தில் அது நின்றது. ஊரார் அதனைப் புதுவெளிக் கோபுரம் என்றனர். ஐரோப்பியர் சீனக் கோயில் என்றும், கறுப்புக் கோயில் என்றும் வழங்கினர். நில அளவைப் படத்தில் அது சமணர் கோயில் என்று குறிக்கப்பெற்றது. யார் கோயில் என்பது மறந்துபோனமைக்கு இப்பெயர்களே சான்று. மாலுமிகளுக்கு மட்டும் அதனிடம் ஐயம் இல்லை. கரையை அறிந்து கப்பல் செலுத்த அஃது அவர்க்கு அடையாளமாயிற்று.

1846 இல் அதனைப் பார்வையிட்ட சர் வால்டர் எலியட், சென்னை அரசாங்கத்து அதிகாரி, அது நாற்சதுரமாய் மூன்று நிலைகள் கொண்டிருந்தது என்றும், செங்கற்கள் சுண்ணச்சாந்து இன்றியே நெருங்கப் பொருத்தப்பட்டிருந்தன என்றும், மேற்கூரை வீழ்ந்து உள்ளே வெளியாய் இருந்தது என்றும் எழுதிவைத்தார், படமும் வெளியிட்டார். அதுவே மாறவிசயோத்துங்கன் எடுத்த விகாரத்தின் பகுதி என்று பலர் கூறுவர். சீனர் 1267 இல் எடுத்த கோபுரமே அது என்று சிலர் கூறுவர். சாந்தில்லாத செங்கற்கட்டும், சீனக்கோயில் என்ற வழிவழிப் பெயரும் பிந்திய கருத்துக்கே துணைசெய்வதாக எமக்குத் தோன்றுகிறது. எதுவாயினும், நாகையின் பௌத்தத் தலத்தில் நிலத்தின்மேல் எஞ்சி நின்ற கட்டடம் அஃதொன்றே.

நம்மைப் போன்ற மிஷன் கல்லூரியினர் மறைக்காது கூறவேண்டிய செய்தி இனி வருகின்றது. சேசு சபைக் குருமார் நாகப்பட்டினத்தில் 1844 இல் தூய சூசையப்பர் கல்லூரியை நிறுவினர். கோபுரத்தைச் சூழ்ந்த நிலம் அவர்க்குக் கிடைத்தது. 1856 இல் அங்கே பெரியதொரு மரத்தை வெட்டி வேரகழ்ந்தபோது ஐந்து புத்தர் படிமங்கள் வெளிப்பட்டன. 1859 இல் கோபுரத்தை இடித்துத் தம் கட்டட வேலைக்குப் பயன்கொள்ள இசைவு வேண்டி அவர் அரசாங்கத்துக்கு விண்ணப்பித்தனர். அரசாங்கம் உடனே இசையவில்லை. எட்டாண்டு கழித்து, 1867 ஆகஸ்டு 28 அன்று, சென்னைக் கவர்னர் நேப்பியர் பிரபுவின் அரசாங்கம் இசைவளித்தது. கோபுரம் இடிக்கப்பட்டது. அகப்பட்ட படிமங்களுள் தமிழெழுத்துப் பொறித்த ஒன்று கவர்னர்க்கே அளிக்கப்பட்டது.

அக்குருமார் தீயர் அல்லர்; தமிழ்நாட்டு மாணவர் பல்லாயிரவர்க்குக் கல்வி தந்தவர் வழியினர். இடிந்து வீழும் சுவரருகே சிறுவர் நடமாட விடுவது எங்ஙனம் என்ற கவலை எந்தக் கல்லூரித் தலைவர்க்கும் எழக்கூடியதே. பழங்கட்டடங்களைக் காக்கும் விரிவான சட்டமும் இந்நாட்டில் 1904 இல்தான் தோன்றிற்று. ஆயினும் எட்டாண்டுக் காலம் அதனைப் பற்றிக் கடிதம் எழுதியோருள் ஒருவரேனும் அதனை முழுதும் அளந்து, உள்ளும் புறமும் படம் வரைந்து வைத்திருப்பின், இன்று அறிஞர் அது சோழர் காலத்ததோ சீனர் கட்டியதோ என்று வழக்காட வேண்டியிராது. எலியட்டின் சிறு குறிப்பும் படமுமே நமக்கு எஞ்சின. போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் தொடாது விட்டதைக் கல்விக்காக வந்தோர் அகற்றினர். பள்ளி என்னும் சொல் விகாரத்தையும் கல்விச்சாலையையும் ஒருங்கே குறிப்பது என்பதை அவருட் தமிழ் கற்றோர் அறியாதிருந்திரார்.

அக்கல்லூரி 1883 இல் திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்ந்தது. கோபுரம் வீழ்ந்து பதினாறு ஆண்டே கழிந்திருந்தது. படிமங்களோ அதன் பின்னரும் மண்ணிலிருந்து வந்துகொண்டே இருந்தன. வெளிப்பாளையத்தும் நாணயக்காரத் தெருவிலும் 1930களின் காலம் வரை கிடைத்தவற்றைச் சேர்த்தால் 350க்கு மேற்படும். பெரும்பாலன சிறியன, சில ஒரு சாணுக்கும் குறைவு. நின்ற புத்தரும், இருந்த புத்தரும், போதிசத்துவரும், வணங்குவோர் ஏந்திவந்த சிறு தூபிகளும் அவற்றுள் உண்டு. தி.நா. இராமச்சந்திரன் அவற்றை ஆராய்ந்து 1954 இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக நூல் எழுதினார். எழும்பூர் செல்லும் நம் மாணவர் நடராசர் படிமங்களைக் கண்டு களித்தபின், நாகைப் படிமங்களின் பீடங்களையும் குனிந்து பார்ப்பாராக. செய்வித்தோர் பெயர் சிலவற்றில் தமிழெழுத்தில் இன்னும் தெளிவாக உள்ளது.